கண்ணுக்கு எந்தக் குளிசை? போலிக் அமிலம், விற்றமின்கள், மலையகத்துக் கண்கள்

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில் புசல்லாவையைத் தாண்டி இறம்பொடையை நெருங்கும்போது, மலைச்சரிவு முழுக்கத் தேயிலையும் வீதியோரக் கடைகள் முழுக்க மரக்கறியும் கண்ணில் படும். கரட், லீக்ஸ், பீட்ரூட், கோவா எல்லாம் அன்று பிடுங்கிய மண்வாசனையோடு அடுக்கியிருக்கும். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் இறம்பொடை நீர்வீழ்ச்சியைப் பார்க்க வாகனத்தை நிறுத்துகிறவர்கள், இலையோடு சேர்த்துக் கட்டிய கரட் கட்டொன்றையும் வாங்கிக்கொண்டுதான் புறப்படுகிறார்கள். கரட் கண்ணுக்கு நல்லது என்று சொல்லாத வீடு கிடையாது. அந்த நம்பிக்கை இப்போது பார்மசி அலமாரி வரைக்கும் போய்விட்டது. விற்றமின் ஏ, சி, ஈ, நாகம், லூட்டீன், போலிக் அமிலம் என்று பலதையும் சேர்த்து, பெட்டியில் ஒரு கண்ணின் படத்தையும் போட்டுக் குளிசைகள் விற்கப்படுகின்றன.

கண்ணுக்கு விற்றமின் நல்லதா என்று மொத்தமாகக் கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்காது. எந்த நோய், எந்த விற்றமின், யாருடைய உடம்பில் என்ன குறைவு என்று பிரித்துக் கேட்டால், கடந்த தொண்ணூறு ஆண்டுகளில் நடந்த ஆய்வுகள் தெளிவாகவே பேசுகின்றன. சில நோய்களில் குளிசை போன பார்வையை மீட்டுத் தருகிறது. சிலவற்றில் நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. சிலவற்றில் எதுவுமே செய்வதில்லை. நாட்சம்பளத்தில் வாழும் தோட்டத்துக் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் காசும் போகும், சில வேளைகளில் கண்ணும் போகும்.

குன்னூர், சென்னை, ஒரு போத்தல் மார்மைட்

போலிக் அமிலத்தின் கதையில் தேயிலை மலையொன்றுக்கும் பங்குண்டு. 1928இல் பம்பாய்க்கு வந்த ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், துணியாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களைக் கர்ப்ப காலத்தில் வாட்டிய கடும் இரத்தசோகையை ஆராயத் தொடங்கினார். இந்த நோயில் இரத்தச் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் வீங்கிப்போயிருந்தன. நல்ல சாப்பாடு கிடைத்த பெண்களிடம் அந்த நோய் அரிதாகவே இருந்தது. காரணம் உணவில்தான் இருக்க வேண்டும் என்று கருதிய வில்ஸ், நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்துக்குப் போனார். அங்கே எலிகளையும் குரங்குகளையும் கொண்டு சோதனைகள் நடத்தினார். சென்னையிலும் தன் ஆய்வைத் தொடர்ந்தார். நோயைத் தீர்த்தது விலை மலிந்த ஈஸ்ட் சாறான மார்மைட். 1931இல் அவர் எழுதிய கட்டுரை வெளியானபோது, மார்மைட்டுக்குள் இருந்த மருந்து எது என்று யாருக்கும் தெரியாது.

பெயர் தெரியாத அந்த மருந்து இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயின்போது கிராமங்களுக்குப் போன இடதுசாரித் தொண்டர்களான சூரியமல் இயக்கத்தினர், பசியால் நலிந்தவர்களுக்கு மார்மைட்டைக் கொடுத்தார்கள். 1941இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நான்கு தொன் பசளிக் கீரையைச் சாறு பிழிந்து போலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதை 1945இல் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகம். அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கிய எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இன்று தாய் சேய் கிளினிக்கில் கர்ப்பிணித் தாயின் கையில் கொடுக்கப்படும் சின்னக் குளிசை அப்படி உருவானதுதான்.

சிவப்பு நிறம் மங்கும்போது

உடம்பில் புது உயிரணு உருவாக வேண்டுமானால் மரபணு நகலெடுக்கப்பட வேண்டும். அதற்குப் போலேட் (போலிக் அமிலத்தின் இயற்கை வடிவம்) தேவை. ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இரத்தத்தில் மிகாமல், அதை மெதியோனீனாக மாற்றுவதற்கும் போலேட் தேவை. இந்த இரண்டாவது வேலையில் அதற்குக் கூட்டாளி விற்றமின் பி12. இரண்டில் ஒன்று குறைந்தாலும் நரம்புகள் பாதிக்கப்படும். பார்வை நரம்பில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் உள்ளன. அவற்றில் பார்வையின் மையத்தைச் சுமந்து செல்லும் இழைகள் மிக மெல்லியவை, ஓயாமல் சக்தியைச் செலவழிப்பவை. சத்துக் குறைந்தால் முதலில் படுப்பது அவைதான்.

இப்படி வரும் பார்வை நரம்பு நோய் வலிக்காது, கண்ணும் சிவக்காது. இரண்டு கண்களிலும் ஒரே சமயத்தில் மெதுவாக ஆரம்பிக்கும். எதிரே வருகிறவரின் முகம் தெளியாது, ஆனால் பக்கத்தில் இருக்கும் படி தெரியும். சிவப்பு முதலில் சாயம் போகும். ஒரு சிவப்புப் போத்தல் மூடியை நேராகப் பார்த்தால் மங்கிய செங்கல் நிறமாகத் தெரியும். பார்வையைக் கொஞ்சம் பக்கத்துக்கு நகர்த்தினால் அதே மூடி நல்ல சிவப்பாகிவிடும். வயதானால் இப்படித்தான் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். சில வாரங்களிலோ சில மாதங்களிலோ பிடித்தால் பி12ஐயும் போலிக் அமிலத்தையும் கொண்டு பார்வையைப் பெருமளவு மீட்க முடியும். இழைகள் செத்துவிட்ட பிறகு எந்த மருந்தும் உதவாது.

இந்தச் சத்துக் குறைவு ஒரு நாட்டையே தாக்கிய சம்பவம் கியூபாவில் நடந்தது. சோவியத் ஒன்றியம் சரிந்து உணவு இறக்குமதி பெருமளவு குறைந்துபோன 1991க்கும் 1993க்கும் இடையில், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கண் நரம்போ கைகால் நரம்புகளோ பாதிக்கப்பட்டன. கண் பாதிக்கப்பட்டவர்களில் புகைபிடிக்கும் ஆண்கள் அதிகம். ஆராயச் சென்ற கண் நரம்பியல் நிபுணர்களில் ஒருவரான அல்பிரெடோ சாடுன், போலேட் குறைவையும் வீட்டில் காய்ச்சிய ரம்மில் சிறிதளவு இருந்த மெதனோலையும் சேர்த்துப் பார்த்தார். மெதனோல் உடம்புக்குள் போர்மேட் என்ற நஞ்சாக மாறுகிறது. அந்தப் போர்மேட்டை உடைத்து வெளியேற்றப் போலேட் வேண்டும். போலேட் இல்லாத உடம்பில் கொஞ்ச மெதனோலே பார்வை நரம்பை எரிக்கப் போதும். கியூப அரசு 1993இல் மக்கள் அனைவருக்கும் விற்றமின் குளிசைகளைப் பகிர்ந்தளித்தது. கொள்ளைநோயும் அடங்கியது.

மலையகத்தில் இதைப் படிக்கிறவர்களுக்குக் கசிப்பு நினைவுக்கு வராமல் போகாது. எல்லாக் கசிப்பிலும் மெதனோல் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த மதுவும் குடலில் போலேட் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும், சாப்பாட்டின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். நாளும் குடித்து, புகைத்து, ரொட்டியும் சாயத்தண்ணியுமாக நாளை ஓட்டுகிற ஒருவருக்கு இரண்டு கண்ணும் ஒன்றாக மங்கினால், கண்புரையாகத்தான் இருக்கும் என்று காத்திருக்கக் கூடாது. கண் கிளினிக்குக்குப் போவதோடு பி12, போலேட் அளவுக்கான இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.

விழித்திரையின் மையம்

வயதான பின் விழித்திரையின் மையமான மாகுலா தேய்வது வேறு நோய். போலிக் அமிலம் இதைத் தடுக்குமா என்ற கேள்விக்கு நம்பிக்கை தரும் ஒரு விடை 2009இல் வந்தது. அமெரிக்காவில் மருத்துவத் துறையில் பணிபுரிந்த, இதய நோய் இருந்த அல்லது அது வரும் அபாயம் இருந்த 5,205 பெண்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நாளும் 2.5 மில்லிகிராம் போலிக் அமிலம், 50 மில்லிகிராம் பி6, 1 மில்லிகிராம் பி12 கொடுக்கப்பட்டது. மற்றப் பிரிவுக்கு வெறும் குளிசை. சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் கவனித்தபோது, விற்றமின் எடுத்தவர்களில் 55 பேருக்கு மாகுலா தேய்வு வந்திருந்தது. வெறும் குளிசை எடுத்தவர்களில் 82 பேருக்கு வந்திருந்தது. அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

இதை வாசித்த உடனே பார்மசிக்கு ஓடத் தேவையில்லை. அந்த ஆய்வு முதலில் இதயத்துக்காகவே வகுக்கப்பட்டது. மூன்று விற்றமின்களையும் சேர்த்துக் கொடுத்ததால் எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. 2.5 மில்லிகிராம் என்பது வளர்ந்த ஒருவரின் நாளாந்தத் தேவையான 400 மைக்ரோகிராமைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். அதே பெண்களிடம் கண்புரையைப் பார்த்தபோது அந்தக் குளிசைகளால் பயன் தெரியவில்லை. ஒரே மருந்தை எடுத்துக்கொண்ட ஒரே கண்ணில், ஒரு நோயில் பலன் கிடைத்தது, இன்னொன்றில் கிடைக்கவில்லை.

மாகுலா தேய்வுக்கு இன்று கண் வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் குளிசையில் போலிக் அமிலம் முதலிடத்தில் இல்லை. 2001இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வொன்று, விற்றமின் சி 500 மில்லிகிராம், விற்றமின் ஈ 400 அலகு, பீட்டா கரோட்டின் 15 மில்லிகிராம், நாகம் 80 மில்லிகிராம், கொஞ்சம் செம்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தது. ஏற்கெனவே நடுத்தர நிலைத் தேய்வு இருந்தவர்களில், முற்றிய நிலைக்குப் போகும் அபாயம் ஐந்தாண்டுகளில் நாலில் ஒரு பங்கு குறைந்தது. கண் நலமாக இருந்தவர்களுக்கு நோய் வராமல் அது தடுக்கவில்லை. 2013இல் வந்த தொடர் ஆய்வு பீட்டா கரோட்டினை நீக்கி லூட்டீனையும் சியாசாந்தினையும் சேர்த்தது. முன்பு புகைத்தவர்களிடம் பீட்டா கரோட்டின் குளிசை நுரையீரல் புற்றுநோயைக் கூட்டியதே அதற்குக் காரணம். 1994இலேயே பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வு இதே எச்சரிக்கையைத் தந்திருந்தது. கரட்டில் இருக்கும்போது நன்மை செய்கிற பொருள், குளிசையில் பெருமளவில் போனபோது புகைத்த நுரையீரலுக்குத் தீங்காகியது.

மதுரையில் கேட்ட கேள்வி

இலங்கையில் கண்பார்வையைப் பறிக்கும் காரணங்களில் முதலிடம் கண்புரைக்கே. அதனால் விற்றமின் கண்புரையைத் தள்ளிப்போடுமா என்பதே இங்கே அதிகம் பேரைத் தொடும் கேள்வி. இதற்கு விடை தேடிய ஆய்வுகளில் முக்கியமான இரண்டு தமிழ் மண்ணோடு தொடர்புடையவை.

ஒன்று, ஹரியானாவிலும் புதுச்சேரிப் பகுதியிலும் அறுபது வயதைக் கடந்த 5,638 பேரைப் பரிசோதித்து 2011இல் வெளியானது. இரத்தத்தில் விற்றமின் சி அதிகம் இருந்தவர்களுக்கு, குறைவாக இருந்தவர்களைவிடக் கண்புரை இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 39 சதவீதம் குறைந்திருந்தது. இதை மட்டும் படித்தால் குளிசை விற்பவர் பக்கமே நியாயம் இருப்பதாகத் தோன்றும்.

மற்றையது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தி 2006இல் வெளியிட்டது. 35க்கும் 50க்கும் இடைப்பட்ட வயதுள்ள 798 கிராமவாசிகள் அதில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று தடவை பீட்டா கரோட்டின், விற்றமின் சி, விற்றமின் ஈ. மற்றப் பிரிவுக்கு வெறும் குளிசை. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு கண்வில்லைகளை அளந்தபோது, இரு பிரிவிலும் புரை ஒரே வேகத்தில் வளர்ந்திருந்தது.

இரண்டு முடிவும் ஒன்றையொன்று வெட்டுவதாகத் தெரியலாம். விற்றமின் சி அதிகமுள்ளவர் வாழ்நாள் முழுக்கப் பழமும் கீரையும் சாப்பிட்டவராக, புகை நிறைந்த விறகடுப்பின் முன் குறைந்த நேரம் இருந்தவராக, வசதி கூடியவராக இருக்கலாம். அந்த வாழ்வு முழுவதையும் நடுவயதில் எடுக்கும் ஐந்து வருடக் குளிசையில் திருப்பித் தர முடியாது. கண்புரைக்கு உறுதியான வைத்தியம் சத்திரசிகிச்சையே. அரசாங்க வைத்தியசாலைகளில் அது இலவசமாகவே செய்யப்படுகிறது.

மாலைக்கண்

குளிசை ஐயத்துக்கிடமின்றி வென்ற இடம் விற்றமின் ஏ. அது குறைந்த பிள்ளை முதலில் அந்தியில் தடுமாறும். பிறகு வெண்விழியில் நுரை ஒட்டியதுபோல் புள்ளிகள் தோன்றும். கடைசியில் கருவிழியே கரைந்துபோகும். 1990இல் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் சக ஆய்வாளர்களும் திருச்சி மாவட்டத்தில் 15,419 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், வாரந்தோறும் சிறு அளவு விற்றமின் ஏ பெற்ற பிள்ளைகளின் மரணம் மற்றவர்களைவிட 54 சதவீதம் குறைந்தது. கண்ணைக் காக்கும் விற்றமினுக்கு உயிரையும் காக்கும் வலிமை இருந்தது. இலங்கையிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கிளினிக்குகளில் விற்றமின் ஏ கொடுக்கப்படுகிறது. தோட்டத்துத் தாய்மார் இதைத் தவறவிடக் கூடாது. 2016இன் மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெருந்தோட்டங்களில் அது 32 சதவீதம். உயரம் குறைந்த பிள்ளைக்கு மற்றச் சத்துகளும் குறைந்திருக்கும் வாய்ப்பு அதிகம்.

ஆனால் இதே விற்றமின் ஏயைக் கர்ப்பிணி தானாகப் பெருமளவில் எடுத்தால் கருவில் உள்ள பிள்ளைக்கு ஊனம் வரலாம். கரட்டிலும் பூசணியிலும் உள்ள கரோட்டினுக்கு அந்த ஆபத்து இல்லை. உடம்பு தனக்கு வேண்டிய அளவையே விற்றமின் ஏயாக மாற்றிக்கொள்ளும். அது உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பும் வேண்டும். தேங்காய்ப்பூ போட்ட கரட் சம்பலுக்கு இந்த வகையில் அறிவியலின் ஆதரவு உண்டு.

தோட்டத்துச் சாப்பாட்டில் போலேட்

விடியற்காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும். மலைக்குக் கொண்டுபோவதும் பெரும்பாலும் அதே ரொட்டி. இந்தச் சாப்பாட்டில் போலேட் கொஞ்சம்தான். அதைக் கூட்ட விலையுயர்ந்த பொருள் தேவையில்லை. வேகவைத்த மைசூர் பருப்பு 100 கிராமில் ஏறத்தாழ 180 மைக்ரோகிராம் போலேட் இருக்கிறது. பச்சைப் பீட்ரூட்டில் 100 மைக்ரோகிராமுக்குச் சற்று அதிகம். கௌபியிலும் கீரைகளிலும் தாராளமாக உண்டு. ஆனால் போலேட் நீரில் கரையும், சூட்டில் சிதையும். லீக்ஸ் பச்சையாக இருக்கும்போது உள்ள 64 மைக்ரோகிராம், அவித்து நீரை வடித்தால் 24 ஆகிவிடுகிறது. குறைந்த நீரில், மூடியிட்டு, சீக்கிரம் இறக்கினால் அதிகம் மிஞ்சும்.

தேயிலை நாட்டில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 2008இல் வெளியான ஒரு மிகச் சிறிய ஆய்வில், 400 மைக்ரோகிராம் போலிக் அமிலத்தைத் தேநீரோடு எடுத்தவர்களின் இரத்தத்தில், தண்ணீரோடு எடுத்தபோது இருந்ததைவிட உச்ச அளவு நாற்பது சதவீதத்துக்கு அருகே குறைந்தது. கறுப்புத் தேநீர், பச்சைத் தேநீர் இரண்டிலும் அப்படித்தான். இரும்புச் சத்தையும் தேநீர் தடுக்கும் என்பது முன்பே தெரிந்தது. எனவே கிளினிக் குளிசையைச் சாயத்தண்ணியோடு விழுங்காமல் வெறும் தண்ணீரோடு விழுங்கி, தேநீரை ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது.

பி12 விடயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அது மரக்கறியில் இல்லை. முட்டை, பால், ஈரல், நெத்தலிக் கருவாடு ஆகியவற்றில் இருக்கிறது. சைவ உணவுக்காரருக்கும், நீரிழிவுக்கு மெட்போர்மின் குளிசையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவருக்கும் அது குறையலாம். அப்படிப்பட்டவர் போலிக் அமிலத்தை மட்டும் அதிகமாக எடுத்தால் இரத்தசோகை சரியானதுபோல் காட்டும். உள்ளே நரம்புகள் தொடர்ந்து கெடும். வைத்தியர் சொல்லாமல் நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் போலிக் அமிலம் எடுக்கக் கூடாது என்ற வரம்பு இதனால்தான் வைக்கப்பட்டது.

கொழுந்து பறிக்கும் கண்

நாற்பதைத் தாண்டிய பெண்ணொருவருக்குக் கிட்டப்பார்வை மங்குவதற்கு மிகச் சாதாரணமான காரணம் கண்வில்லையின் நெகிழ்வு குறைவது. அதற்கு எந்த விற்றமினும் மருந்தல்ல. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளர்களைக் கொண்டு நடந்து 2018இல் வெளியான ஆய்வு இதைக் கிலோக்கணக்கில் காட்டியது. கிட்டப்பார்வைக் கண்ணாடி பெற்றவர்கள் முன்பைவிட நாளொன்றுக்கு 9.84 கிலோ கூடுதலாகப் பறித்தார்கள். கண்ணாடி பெறாதவர்கள் கூட்டியது 4.59 கிலோ. ஒப்பிட்டால் பறிப்பு ஏறத்தாழ 22 சதவீதம் உயர்ந்திருந்தது. நிர்ணயித்த கிலோவை எடுக்காவிட்டால் அரைநாள் சம்பளமான அரைப்பேரும், மேலே எடுத்தால் கைக்காசும் கிடைக்கிற மலையகத்தில் அந்த ஐந்து கிலோவின் பெறுமதியை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இறம்பொடையைச் சுற்றிய தோட்டங்களில் கண்ணைக் காக்கும் வேலையை இந்த ஒழுங்கில் செய்யலாம். பிள்ளைக்குக் கிளினிக்கில் கிடைக்கும் விற்றமின் ஏ. கர்ப்பிணிக்கு இரும்பும் போலிக் அமிலமும், தண்ணீரோடு. நாற்பதுக்கு மேல் கிட்டப்பார்வைக் கண்ணாடி. புரை முற்றியவருக்குச் சத்திரசிகிச்சை. நீரிழிவுக்காரருக்கு ஆண்டுதோறும் விழித்திரைப் பரிசோதனை. இரண்டு கண்ணும் ஒன்றாக மங்கி, சிவப்புச் சாயம் போனவருக்குத் தாமதமில்லாமல் இரத்தப் பரிசோதனை. மாகுலா தேய்வு நடுத்தர நிலையில் இருப்பதாகக் கண் வைத்தியர் சொன்னவருக்கு மட்டும் அந்த விலையுயர்ந்த கலவைக் குளிசை. இதைத் தொடங்கப் புதுக் கட்டடமோ புது இயந்திரமோ வேண்டியதில்லை. தோட்டத்து வைத்திய உதவியாளரும் மிட்வைப்பும் ஏற்கெனவே இருக்கிறார்கள். வருடத்தில் ஒரு காலை, பெரட்டுக் களத்துச் சுவரில் ஒரு பார்வை அட்டையைத் தொங்கவிட்டு, பேர் கொடுக்க வருகிற ஒவ்வொருவரையும் ஒற்றைக் கண்ணை மூடி வாசிக்கச் சொன்னால், யாரை எந்தக் கிளினிக்குக்கு அனுப்புவது என்ற பட்டியலை அங்கேயே எழுத ஆரம்பிக்கலாம்.